தங்கையின் சட்டை

படிப்பில் கவனம் சிதறக்கூடாதென்று, நுழைவுத்தேர்வு முடியும்வரை பெண்பிள்ளைகள் வயதுக்கு வராமல் நிறுத்திவைக்கும் மருந்துப்பட்டையை, தெருவில் எல்லோரையும் போலத் தேன்மொழியும் மூத்த மகள் நறுமுகையின் கையில் ஒட்டிவிட்டிருந்தாள். தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டதில் நறுமுகைக்குப் பத்தொன்பது வயதாகிவிட்டது. இன்று அவள் போட்டிருந்தது, தங்கைக்குச் சின்னதாகிப்போன சட்டை.

"எலும்பு வலுவே இல்லாமப் போயிட்டிருக்கும்மா. இன்னிக்கே எடுத்துடணும்," என்றார் டாக்டர்.

தேன்மொழி நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டாள். "பரீட்சை வரைக்கும் மட்டும் விட்டுவைங்க டாக்டர்..."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

அவர் பட்டையின் ஓரத்தைப் பிடித்தார். நறுமுகை தன் சின்னக் கையால் அதைப் பொத்திக்கொண்டாள்.

"வேணாம் டாக்டர். எடுத்துட்டா அம்மா தூங்கவே மாட்டாங்க."