விஜிலா போட்ட பந்தல்

“இன்னும் ஒரு சாண் தள்ளி ஊணு, விஜிலா! மாடியில இருந்து பாத்தா வரிசை நேராத் தெரியணும்லா!”

புது மாடியின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி கிளாட்வின் யோசனை சொன்னார். பக்கத்து வீட்டு முற்றத்தில் கடப்பாரையோடு நின்ற விஜிலா, தலையாட்டிவிட்டு மூங்கிலைத் தள்ளி ஊன்றினாள்.

அவருக்கு ஏக சந்தோஷம். திருச்செந்தூர் வரும் பக்தர்களுக்கு வாடகைக்கு விடத்தான் மாடியில் அறைகள் கட்டியிருந்தார். ஜன்னலைத் திறந்தால் பூந்தோட்டம் என்றால் யாருக்குக் கசக்கும்?

போன கோடையில் அந்த முற்றத்தில் ஒரு பூவரசு நின்றது. படகில் விழுந்து இடுப்பொடிந்த விஜிலாவின் புருஷன் டெரன்ஸ், பகலெல்லாம் அதன் நிழலில்தான் கிடப்பான். சருகு தன் வாசலில் விழுகிறதென்று, யாருமில்லாத நேரம் பார்த்து வேரில் ஆசிட்டை ஊற்றினார் கிளாட்வின்.

மரம் பட்டுப்போனது. தகரக் கூரைக்குள் வெந்து வெந்து, மழைக்கு முன்னாலேயே டெரன்ஸும் போய்விட்டான்.

விஜிலா அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியல’ என்று நிம்மதியானார்.

இப்போது அவளே தூரைத் தோண்டி எடுத்து, மண்ணை மட்டம் பண்ணி, ஒற்றை ஆளாய் முற்றத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். தரைக்குப் பூசச் சொல்லி, மிச்சமிருந்த சிமெண்டைக்கூட கிளாட்வின் கொடுத்தனுப்பினார்.

“அண்ணாச்சி, கடக்காத்து எந்தப் பக்கமா அடிக்கும்?” என்று ஒருநாள் கேட்டாள்.

“எங்க பக்கந்தான். நல்ல மல்லியாப் பாத்துப் படரவிடு. வீடெல்லாம் வாசம் நெறையட்டும்.”

“நல்லா நெறையும் அண்ணாச்சி.”

தைப்பூசத்துக்கு முதல் குடும்பம் வந்திறங்கியது. பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாக, விரதம் இருந்து வந்தவர்கள். கிளாட்வின் பெருமையோடு ஜன்னலைத் திறந்தார்.

“இங்கன பாருங்க...”

கீழே விஜிலா வீட்டு வாசலில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. நாலைந்து பெண்கள் கூடை கூடையாய் இறக்க, மூங்கில்களின் மேல் வலையை விரித்துக்கொண்டிருந்தாள் விஜிலா. வலையெல்லாம் உப்பிட்ட வாளை. சிமெண்டுத் தரையெல்லாம் நெத்திலி.

கடற்காற்று ஒரு வீச்சு வீசியது. வந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படியிறங்கினாள். பின்னாலேயே பெட்டிகளும் இறங்கின.

“ஏளா, என்ன இது? நீ தோட்டம்லா போடுதேன்னு நெனச்சேன்!” கிளாட்வின் மாடியிலிருந்து கத்தினார்.

விஜிலா நிமிர்ந்து அவரையே பார்த்தாள்.

“கருவாடு காய நல்ல வெயில் வேணும். நீங்கதான தந்தீய, அண்ணாச்சி!”