கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி

கட்டிலுக்கு அடியில் பெருக்கப் போன மிர்த்தாவின் துடைப்பத்தில் ஒரு மரப்பெட்டி தட்டுப்பட்டது. வெளியே இழுத்தாள். பூட்டியிருந்தது. ஆனால் மூக்கைக் கிட்டே கொண்டுபோனதுமே தெரிந்துவிட்டது, உள்ளே சுருட்டு.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் டாக்டர் அவள் புருஷன் ரமிரோவின் நுரையீரல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, இனி ஒரே ஒரு சுருட்டு குடித்தாலும் தன்னிடம் வைத்தியத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அன்று சாயங்காலம் மிர்த்தாவும் தன் பங்குக்குச் சொல்லிவிட்டாள்.

"நீ பத்த வைக்கிற அன்னிக்கு நான் ஹவானாவுக்கு, அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். உன்னைப் புதைக்கிறதுக்காக இங்கே காத்துக்கிட்டு இருக்க என்னால முடியாது."

ரமிரோ சரி சரி என்று தலையாட்டினான். தலையை ஆட்டிவிட்டுத்தான் இந்தப் பெட்டியை வாங்கியிருக்கிறான்.

பெட்டியின் அடியில் தச்சன் அன்செல்மோவின் முத்திரை இருந்தது. மிர்த்தா துடைப்பத்தைப் போட்டுவிட்டு நேரே அவன் பட்டறைக்கு நடந்தாள்.

அன்செல்மோவுக்குப் பெட்டியைப் பற்றிக் கேட்டால் போதும், வாய் ஓயாது.

"முப்பது வருஷமா சுருட்டு சுத்துறான் உன் புருஷன். ஆனா ஒரு சுருட்டைப் பத்திரமா வெச்சுக்கத் தெரியலை மிர்த்தா" என்று சிரித்தான்.

எப்படித் தெரியும்? சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை முடிந்து கிளம்பும்போது ஆளுக்கு ஒரு சுருட்டு கொடுத்தனுப்புவார்கள். ரமிரோவின் சுருட்டு ஒருநாளும் ராத்திரிச் சாப்பாட்டைத் தாண்டி உயிரோடு இருந்ததில்லை. பத்திரப்படுத்த வேண்டும் என்றதும் விவரம் தெரியாமல் கேன்டீன் ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறான். பத்தே நாளில் எல்லாம் சருகு. அதற்கப்புறம்தான் இங்கே வந்திருக்கிறான்.

"கண்ணாடி மூடி போட்ட பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பாத்தான். அது வெளிநாட்டுக்காரன் மேசையில வெச்சு அழகு பாக்கறதுக்குடா, சுருட்டு காயாம காக்கற ஈரம் அதுல நிக்காதுன்னேன். உள்ளே வார்னிஷ் அடிக்காத சிடார் மரம்தான் வேணும். ஒரு துண்டுக் காகிதத்தை வெச்சு மூடியைச் சாத்தி இழுத்துப் பாரு, லேசா வந்துட்டா அந்தப் பெட்டியே வேண்டாம்னு சொல்லிக் குடுத்தேன். ஈரத்துக்கு உள்ளே வெக்கிற பஞ்சுல குழாய்த் தண்ணி ஊத்தாதே, பேட்டரிக்கு ஊத்துற தண்ணிதான் ஊத்தணும்னேன். எல்லாத்தையும் எழுதிக்கிட்டான். கடைசியில, இருக்கறதிலேயே பெரிய பெட்டி வேணும்னான்."

விலைக்குப் பதிலாக நான்கு ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் பலகை தேய்த்துக் கொடுத்தானாம். டாமினோ ஆடப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போன அதே ஞாயிற்றுக்கிழமைகள்.

"எத்தனை நாள் கெடாம இருக்கும்?" என்று கேட்டாள்.

"அவனும் இதையேதான் கேட்டான். வருஷக்கணக்கா இருக்கும்."

டாக்டர் தர மாட்டேன் என்கிற வருஷங்களுக்கு இவன் சுருட்டு சேர்க்கிறான். இங்கே உட்கார்ந்துதான் குடிக்கிறானா என்ற கேள்வி மிர்த்தாவுக்கு வாய் வரை வந்தது. கேட்டால் அழுதுவிடுவோம் என்று திரும்பி நடந்தாள்.

ரமிரோ வீட்டுக்கு வரும்போது கட்டில்மேல் அவள் சூட்கேஸ், பக்கத்தில் பெட்டி. அவன் சட்டைப் பையில் அன்றைய சுருட்டு நீட்டிக்கொண்டிருந்தது.

"சாவி."

அவன் எடுத்துக் கொடுத்தான்.

திறந்தாள். வரிசை வரிசையாகச் சுருட்டுகள். ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு காகிதச் சுற்று, அதில் ரமிரோவின் கோணல் எழுத்தில் ஒரு தேதி. முதல் தேதி, டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த நாள். அதற்கு அடுத்தது மறுநாள். மிர்த்தா விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே போனாள். நேற்று வரை வந்தாள். வேலை இல்லாத ஞாயிறு தவிர நடுவில் ஒரு நாள்கூடக் குறையவில்லை.

ரமிரோ பையிலிருந்த சுருட்டை எடுத்து, அன்றைய தேதியை எழுதிச் சுற்றி, கடைசி வரிசையில் படுக்க வைத்தான்.

காலையிலிருந்து அவனை மனசுக்குள் எத்தனை பேச்சு பேசியிருப்பாள். வெட்கமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் முதல் வரிசையில் ஃப்ரிட்ஜில் காய்ந்து வெடித்துக் கிடந்த சுருட்டுகளைக் காட்டினாள்.

"குடிக்கப் போறதில்லைன்னா இப்படியே காய விட வேண்டியதுதானே? இதுக்கு எதுக்கு சிடார் பெட்டி, பேட்டரித் தண்ணி, நாலு ஞாயிறு வேலை?"

"சருகை வேண்டாம்னு ஒதுக்கறதுக்கு நான் எதுக்கு மிர்த்தா? யாரு வேணாலும் ஒதுக்குவாங்க" என்றான் ரமிரோ. "தினமும் திறந்தா, குடிச்சா சொர்க்கமா இருக்கும்னு மணக்கணும். அந்த மணத்தோட மூடியைச் சாத்தினாத்தான் நான் நிறுத்தினேன்னு அர்த்தம்."