எண்பத்தொரு கிலோ

ஆறுக்குட்டி தராசில் ஏறி நின்றதும் தண்டு டக்கென்று மேலே எழும்பியது.

கூட்டம் விசிலடித்தது. எண்பத்தொரு கிலோவைத் தாண்டிவிட்டான். இனி அவனும் ஹெவிவெயிட்.

முதலில் கை தட்டியது வேலாமணி. சாயங்காலம் மேடையில் அவன் குத்தப்போவது அவள் புருஷனைத்தான். இருந்தாலும் வளையல் உடையுமோ என்று பயப்படாமல் தட்டினாள்.

அவள் புருஷன் லிங்கசாமி, அருவங்காட்டுக் குவார்ட்டர்ஸ் கிளப்பின் ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சாம்பியன். மூன்று வருஷமாக அவன் கோப்பையை யாரும் பறிக்கவில்லை. பறிக்க ஒருத்தரும் வரவில்லை என்பதுதான் விஷயம். தினமும் மேடு ஏறி இறங்குகிற ஊரில் யாருக்குச் சதை பிடிக்கும்?

முதல் வருஷம் எதிர்த்து நின்றவர் ஒரு சமையல் மாஸ்டர். மணி அடித்ததும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். அடுத்த வருஷம் ஒரு லாரி டிரைவர். குத்து விழுவதற்கு முன்பே அவர் விழுந்துவிட்டார்.

போன வருஷம் அப்படி ஓர் ஆள்கூட இல்லை. காலி மேடையில் லிங்கசாமியைத் தனியாக நிற்கவைத்து, கையைத் தூக்கிக் காட்டி, மாலை போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவன் கோப்பையை அலமாரிக்குப் பின்னால் தள்ளி, அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினான். அன்று ராத்திரி வேலாமணிக்குச் சோறு இறங்கவில்லை.

டீக்கடைக் கருணாகரனுக்கு அது போதாதா? அமெரிக்காவில் எந்தச் சாம்பியன் எவனை அடித்தான், அடிபட்டவன் தேறின ஆளா சோப்ளாங்கியா என்று பேப்பர் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவன் அவன்.

“சாம்பியன்னா சரியான ஆளை அடிச்சு ஜெயிக்கோணுமுங்க. இதெல்லாம் ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை!” வேலாமணி பன் வாங்க நின்றபோதுதான் வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னான்.

சரியான ஆள் ஊரில் இல்லாமல் இல்லை. லிங்கசாமியோடு வேலை பார்க்கிற, பேச்சிலர் ரூமில் தங்கியிருந்த ஆறுக்குட்டியின் கை அப்படி ஒரு வேகம். அவனைப் பற்றிப் பேசும்போது லிங்கசாமிக்கே கண் விரியும். ஆனால் டீயும் பன்னுமாகக் காலம் தள்ளுகிற உடம்பு. எடை பத்தாது.

அந்த ஆறுக்குட்டிதான் மூன்றே மாதத்தில் கன்னம் உப்பி, சட்டைப் பித்தான் தெறிக்கத் தராசில் நிற்கிறான். எந்தப் புண்ணியவதி இவனுக்கு ஆக்கிப் போட்டாளோ, அவள் குலம் விளங்கட்டும் என்று வேலாமணி மனசார வாழ்த்தினாள்.

அவளும் இந்த மூன்று மாதமாகச் சும்மா இருக்கவில்லை. போட்டி வருகிறதே என்று புருஷன் வேலைக்குக் கொண்டுபோகிற மதியச் சாப்பாட்டில் தினம் முட்டை, இடையிடையே கோழிக் குழம்பு. தூக்குப்போசி கழுவிவைத்த மாதிரி திரும்பி வந்தது. லிங்கசாமிக்குக் கறிவேப்பிலை ஆகவே ஆகாது. கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் ஒதுக்குகிற மனுஷன். இப்போது போசியில் ஒரு இலைகூட மிஞ்சுவதில்லை. தன் கைப்பக்குவம் ஆளையே மாற்றிவிட்டது என்று பக்கத்து வீட்டில் பீற்றிக்கொண்டாள். ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது மட்டும் பழையபடி ஒதுக்கினான். சரி, பழக்கதோஷம் என்று விட்டுவிட்டாள்.

அடுத்து லிங்கசாமி தராசில் ஏறினான். சாம்பியனை நிறுப்பது வெறும் சடங்கு. நடுவர் தண்டைக்கூடப் பார்க்காமல் பேனாவைத் திறந்தார்.

தண்டு எழவில்லை.

உருளைக்கிழங்கு மண்டியில் இரவல் வாங்கிய தராசு அது. நாலு பேர் தட்டிப் பார்த்தார்கள். தராசுக்கு ஒன்றுமில்லை. முக்கால் கிலோ குறைந்தது லிங்கசாமிதான். பெல்ட்டுக்குக் கீழே அவன் பேன்ட் கொசுவம் வைத்த மாதிரி சுருங்கிக் கிடப்பதை வேலாமணி அப்போதுதான் பார்த்தாள். பயிற்சியில் உடம்பு முறுக்கேறியிருக்கிறது என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தாள்!

நடுவர் அரை மணி நேரம் கொடுத்தார். அதற்குள் எடை தேறாவிட்டால் சண்டை கிடையாது. இந்த வருஷமும் காலி மேடை, இந்த வருஷமும் கருணாகரன் வாய்.

அப்போது ஆறுக்குட்டி கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடிவந்தான். கையில் ஒரு தூக்குப்போசி. கைப்பிடி உடைந்து, சிவப்பு ஒயர் சுற்றிய தூக்குப்போசி. காலையில் வேலாமணி தன் புருஷனிடம் கொடுத்தனுப்பியது.

“இன்னைக்காச்சும் நீங்களே சாப்புடுங்கண்ணா” என்று கெஞ்சினான்.

வேலாமணி புருஷனைப் பார்த்தாள். அவன் வெல்லம் திருடிய பிள்ளை மாதிரி தரையைப் பார்த்தான். சற்றுமுன் தான் வாழ்த்திய புண்ணியவதி யாரென்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது.

எடை சரிபார்க்கத் தராசோடு வந்திருந்த ஒரு கிழங்கு மூட்டை மேல் புருஷனை உட்காரவைத்துப் போசியைத் திறந்தாள். ஊரே சுற்றி நின்று அவன் சாப்பிடுவதைப் பார்த்தது. ஆறுக்குட்டி குழம்பு ஊற்றினான். கருணாகரன் ஓடிப்போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தான். அவனுக்கும் சண்டை வேண்டுமே.

லிங்கசாமி அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டான். நடுவில் ஒரு கறிவேப்பிலையைப் பொறுக்கி ஓரத்தில் வைத்தான்.

“ஏனுங்க,” என்றாள் வேலாமணி, “அதையும் தின்னுங்க.”