தப்பாத கணிப்பு

"எம் பேரை எதுக்குடா விட்ட?"

மகேஸ்வரி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். திண்டுக்கல் நாகல் நகரில் பூட்டுக் கடைக்கு மேலே இருந்த அந்த அறையில் ஆனந்த்ராஜ் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான். சினிமா விருதுக்கு யார் யார் பெயர் நாமினேஷனில் வரும் என்று முன்கூட்டியே யூடியூபில் சொல்கிறவன். சொன்னது இதுவரை தப்பியதில்லை.

"உக்காருங்கக்கா. கோவப்படாதீங்க."

"கோவப்படாம? தோல் பேக்டரி நாத்தத்துல நின்னு நடிச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை நாமினேஷன்ல எம் பேரு வந்தாத்தான் அடுத்த படம்னு புரொடியூசர் சொல்லிட்டாரு. நீ வராதுன்னு வீடியோ போட்டுட்ட. நேத்துலருந்து அந்தாளு போனையே எடுக்கல."

"நானாவா சொல்றேன்? விமர்சகர் விருது ஒண்ணுகூட உங்களுக்கு வரலயே. அங்க ஜெயிக்கிறவங்கதான் பெரிய விருதுக்குப் போவாங்க. அதை வச்சுத்தான் என் கணக்கு."

"என் படத்தைப் பாத்தியா நீயி?"

"எந்தப் படமும் பாக்க மாட்டேன். பாத்தா மனசு ஒரு பக்கம் சாஞ்சிரும், கணிப்பு கெட்டுரும்." பெருமையாகத்தான் சொன்னான். "பொங்கலுக்கே முதல் கணிப்பு போட்டேன்ல? விமர்சகர்கள் விருது அதுக்கப்புறந்தான் அறிவிச்சாங்க. ஒரு பேரு மாறலக்கா. அம்புட்டும் நான் சொன்னதுதான்."

"பாக்காம எப்படிடா சொன்ன?"

"எந்தக் கம்பெனி, யாரு டைரக்டர், போன வருஷம் யாரு ஜெயிச்சா. அது போதும்."

"நாயிகூட மோந்து பாத்துட்டுத்தாண்டா வாய வைக்கும்."

அவன் முகம் சிவந்தது. கேமராவை மேசையில் டொம்மென்று வைத்தான். "எங்கிட்ட ஏன் கத்துறீங்க? படம் பாக்குறது விமர்சகருங்க வேலை. அங்க போய்க் கேளுங்க."

"நீயே கேளு. என் முன்னாடி கேளு."

விமர்சகர் சங்கச் செயலாளர் இளஞ்செழியனுக்குச் சென்னைக்குப் போன் போட்டான். அவள் கேட்கட்டும் என்றே ஸ்பீக்கரைப் போட்டான்.

"சார், திண்டுக்கல் மகேஸ்வரிக்கு நீங்க ஏன் விருது குடுக்கலன்னு என் வீட்டுக்கே வந்து சண்டை போடுறாங்க. நடிப்பு சரியில்லன்னு நீங்களே சொல்லிருங்க சார்."

"நடிப்பா? தம்பி, உங்க பொங்கல் வீடியோவுல அந்தம்மா பேரே இல்லையே."

"அதுக்கென்ன சார்? நீங்க படத்தைப் பாத்துட்டுத்தானே முடிவு பண்றீங்க?"

மகேஸ்வரி போனையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க பாத்திருப்பீங்கன்னுதானே தம்பி நாங்க பாக்கல!"