கொட்டி

கூட்டத்தின் நடுவே கணக்குக்காரி தலையைத் திருப்பிக் கொட்டியைப் பார்த்தாள்.

அவ்வளவுதான். கொட்டியின் புறங்கை தேநீர்க் கோப்பையைத் தட்டிவிட்டது.

எப்போதும் அளவாகத்தான் தட்டுவாள். இன்று அவசரத்தில் வேகம் கூடிவிட்டது. பாதி தேநீர் கணக்குக்காரியின் மடியில் விழுந்தது. மீதி மேசையைக் கடந்து ஓடி, தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரியின் மடியில் இறங்கியது.

அவர் துள்ளி எழுந்தார். இவங்க எப்பவுமே இப்படித்தான் சார் என்று மேலாளர் பல்லைக் கடித்தார். யாரோ வாய்க்குள் சிரித்தார்கள்.

கொட்டி என்ற பெயரே அப்படி வந்ததுதான். தண்ணீர், காபி, ஒருமுறை முத்திரை மை. வாடிக்கையாளர்கள் வந்தால் அவளை முன்னால் அனுப்ப மாட்டார்கள். பதவி உயர்வுப் பேச்சு வந்தபோதும் அந்தக் கைதான் குறுக்கே நின்றது. ஒரு நரம்பு டாக்டரைப் பாரும்மா என்று மேலாளர்கூட ஒரு நாள் அக்கறையாகச் சொன்னார். பார்க்கிறேன் சார் என்று தலையாட்டி வைத்தாள்.

அவள் கையில் ஒரு கோளாறும் இல்லை.

கோளாறு கணக்குக்காரியின் குடலில். ஆறாத புண். மருந்து உண்டு, குணம் கிடையாது. சில மாதம் இருக்கிற இடம் தெரியாமல் கிடக்கும். சில வாரம் கழிப்பறைக்கு ஓடும் அவகாசம்கூடத் தராது.

ஆபீஸில் விஷயம் தெரிந்தவள் கொட்டி ஒருத்திதான். கல்லூரி விடுதியில் இருவருக்கும் ஒரே அறை.

உட்கார்ந்த இடத்திலேயே ஆகிவிட்டால் கணக்குக்காரி ஒரு பார்வை பார்ப்பாள். கொட்டி எதையாவது அவள் மேல் கவிழ்த்துவிட்டு, கழுவிக் கூட்டிவருகிறேன் என்று இழுத்துக்கொண்டு போய்விடுவாள். ஈரத்துணியோடு போகிறவளை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

இந்த வாரம் உடம்பு ரொம்ப மோசம். காலையிலிருந்து கணக்குக்காரி பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை.

கழிப்பறைக் கதவைத் தாழிட்டதும் கொட்டி பையிலிருந்து மாற்றுத் துணியை எடுத்து நீட்டினாள்.

கணக்குக்காரி வாங்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்றாள்.

அப்புறம் எதற்குப் பார்த்தாய் என்று கேட்டாள் கொட்டி.

"மேனேஜர் சட்டைப் பொத்தான மாத்திப் போட்டிருக்காருடி. ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. உனக்குக் காட்டலாம்னுதான் பாத்தேன்."

கல்லூரி வகுப்பில் இப்படித்தான் இருக்கும். ஒருத்தி திரும்பிப் பார்த்தால் போதும், இன்னொருத்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். இருவரையும் வெளியே நிற்க வைப்பார்கள். வெளியே நின்றும் சிரிப்பார்கள்.

கொட்டி இப்போது சிரிக்கப் பார்த்தாள். வாய் கோணியதே தவிரச் சிரிப்பு வரவில்லை.

கணக்குக்காரி குழாயைத் திறந்து, மடியில் பட்ட கறையைக் கசக்கினாள். கறை போன பிறகும் கசக்கிக்கொண்டே இருந்தாள்.

"இனிமே உன்ன நான் சும்மா பாக்கவே முடியாதா?"

கொட்டி மாற்றுத் துணியை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

கூட்ட அறைக்குத் திரும்பினார்கள். யாரோ சொல்லியிருக்க வேண்டும், மேலாளரின் பொத்தான்கள் ஒழுங்காக இருந்தன. அதிகாரி மடியில் கைக்குட்டையை விரித்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பேசினார்.

கொட்டி அடிக்கடி பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். கணக்குக்காரி எதிரே கிடந்த காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நடுவில் ஒருமுறை அவள் விரல்கள் மேசை விளிம்பை இறுகப் பிடித்தன. கழுத்து வியர்த்தது. அப்போதும் திரும்பவில்லை.

கூட்டம் முடிந்தது. நாற்காலிகள் கிறீச்சிட்டு நகர்ந்தன.

எல்லோரும் எழுந்தார்கள், கணக்குக்காரியைத் தவிர.