மடியில் நான்கு கைகள்

அன்று விற்ற கேபிள் ஐந்து மீட்டரா ஆறு மீட்டரா என்று கேமரா மெக்கானிக்குக்கு இப்போது நிச்சயமாக நினைவில்லை. மற்றதையும் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறாரா என்று அவருக்கே சந்தேகம் உண்டு.

அக்காவும் தங்கையும் கடைக்கு வந்தார்கள். தங்கை திங்கட்கிழமை கப்பல் வேலைக்குப் போகிறாள். திரும்ப இரண்டு வருடமாகும். அவள் போவதற்குள் இருவரும் சேர்ந்து ஒரு படம் வேண்டும். அவர்கள் கேமராவின் ஃபிலிமில் ஒரு படத்துக்குத்தான் இடம் மிச்சம். தூரத்திலிருந்து ஷட்டரை அழுத்தும் கேபிள் வேலை செய்யவில்லை.

"முனையில ஊசி பாதிதான் வெளியே வருது. எங்கேயோ மடங்கியிருக்கும்மா."

"இவ கைபட்டா எதுதான் மடங்காது?" என்றாள் அக்கா.

"ஆமா, நீ ரொம்ப ஒழுங்கு."

மெக்கானிக் நீளமான புதுக் கேபிளை மாட்டிப் பத்துத் தடவை அழுத்திக் காட்டினார். பத்துத் தடவையும் ஷட்டர் விழுந்தது.

மறுவாரம் அக்கா மட்டும் படத்தோடு வந்தாள். சோபாவில் இருவரும் சிரிக்கிறார்கள். நான்கு கைகளும் மடியில் காலியாக இருக்கின்றன. கேபிள் தரையில் ஓடி, கால்களைத் தாண்டி, சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே போகிறது.

"அவ அழுத்தினான்னு நான் நெனச்சேன். நான்தான்னு அவ நெனச்சிருக்கா."

"கேபிளைக் கொண்டுவாங்க, பார்க்கலாம்."

"இழுத்தேன் சார், வரல. இதை அவளுக்கு அனுப்பவா?"

மெக்கானிக் படத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "உங்ககிட்ட இருக்கறது இது ஒண்ணுதானேம்மா. அனுப்புங்க."

அக்கா கேபிள் தெரியும் அடிப்பகுதியை வெட்டிவிட்டுப் படத்தை அனுப்பினாள். தங்கை அதைக் கப்பல் அறையில் ஒட்டிவைத்திருந்தாள். சொன்னபடி இரண்டு வருடத்தில் திரும்பிவிட்டாள். இருவரும் இப்போது வேறு வீட்டில் இருக்கிறார்கள். சோபாவை அங்கே எடுத்துப் போகவில்லை. மெக்கானிக் நீளமான கேபிள் விற்பதில்லை.