கீழ்வீட்டில் இறங்கிய சிவப்பு

“உங்க சிவப்பு எங்க வீட்டு சீலிங்ல இறங்கியிருக்கு சார்.”

கதவைத் திறந்ததும் கீழ்வீட்டு அம்மா இப்படித்தான் ஆரம்பித்தார். குற்றம் என்னுடையதுதான். ஓய்வு பெற்ற பிறகு அரூப ஓவியம் பழகுகிறேன். பலகைத் தரையில் பெரிய துணியை விரித்து, நீர்க்கக் கரைத்த பெயிண்டை ஊற்றுவேன். சுற்றி நடந்துகொண்டே குச்சியால் சொட்டவிடுவேன். துணி குடித்தது போக மீதி, பலகை இடுக்கு வழியே போயிருக்கிறது.

“மன்னிக்கணும்மா. உருவம்னு எதுவும் வரையாம, மனசுல இருக்கிறதை அப்படியே கொட்டுறதுதான் இந்த முறை.”

“உங்க மனசுல இருக்கிறது எங்க வீட்டுல ஏன் ஒழுகணும்?”

என் ஓவியத்துக்குக் கிடைத்த முதல் விமர்சனம்.

“முதல்ல சிவப்பு. அப்புறம் நீலம். போன வாரம் ஓரமா மஞ்சள்.” விரல்விட்டு எண்ணினார்.

“இனிமே ஒரு சொட்டு விழாது. தரை பாழாகுதேன்னு திங்கக்கிழமையே துணிக்கு அடியில பிளாஸ்டிக் விரிச்சுட்டேன்.”

குளிர்ந்துவிடுவார் என்று நினைத்தேன். முகம் இன்னும் கடுகடுத்தது.

“யாரைக் கேட்டு விரிச்சீங்க?”

எனக்கும் பொறுக்கவில்லை. ஒழுகினாலும் தப்பு, ஒழுகாவிட்டாலும் தப்பா?

“உங்களுக்கு என்னதாம்மா வேணும்? நேரா சொல்லுங்க.”

“கீழ வந்து பாருங்க.”

வெள்ளை பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக, பலியாடு மாதிரி பின்னால் இறங்கினேன்.

ஹாலின் நடுவே கட்டில். அவர் கணவர் மல்லாந்து கிடந்தார். மேலே என் கறை: படர்ந்த சிவப்பு, அதைக் குறுக்கே வெட்டிய நீலம், ஓரத்தில் மஞ்சள். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, துணியில் வந்ததைவிட நன்றாகவே வந்திருந்தது.

ஸ்டூலில் ஏறி பிரஷ்ஷை வெள்ளையில் தோய்த்தேன். கட்டிலிலிருந்து ஒரு முனகல். அந்த அம்மா வெடுக்கென்று பிரஷ்ஷைப் பிடுங்கினார்.

“பக்கவாதம் சார். ஒரு வருஷமா வெறும் சீலிங்கைப் பார்த்துக்கிட்டு, பேச்சே இல்லாம கிடந்த மனுஷன். உங்க சிவப்பு இறங்கின அன்னிக்கு ‘குதிரை’ன்னார். நீலத்துக்கு ‘ஆறு’ன்னார். மஞ்சளுக்கு இன்னும் யோசிச்சுக்கிட்டிருந்தார். திங்கக்கிழமையிலேர்ந்து புதுசா ஒண்ணும் இறங்கல, மறுபடி வாயை மூடிட்டார். முதல்ல மேல போய் அந்த பிளாஸ்டிக்கை எடுங்க.”